பெட்டி இலக்கமும் பேரேடும்: கையடக்கத் தொலைபேசி முகவரி பெற்ற வரலாறு

நான் பத்திரிகைத்துறையில் காலடி எடுத்துவைத்த நாட்களில், எமது ஆசிரியபீடத்துக்குச் செல்வதானால் விளம்பரப் பிரிவைக் கடந்தே செல்ல வேண்டும். ஞாயிறு இதழில் வெளிவரும் 'மணமகன் தேவை', 'மணமகள் தேவை' விளம்பரங்களின் அடியில் பெயரோ வீட்டு விலாசமோ இராது. ஒரு பெட்டி இலக்கமும் பத்திரிகை அலுவலகத்தின் விலாசமும் மட்டுமே இருக்கும். வருகின்ற கடிதங்கள் யாவும் எமது அலுவலகத்துக்கே வந்து சேரும். அங்கிருந்த மூத்த எழுதுவினைஞர் ஒருவர் தடித்த மட்டையிட்ட பேரேடு ஒன்றைப் பார்த்து, எந்த இலக்கம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று கண்டறிந்து, கடிதங்களை உரியவர்களுக்கு அனுப்பிவைப்பார். ஊர் முழுவதும் வாசித்த இலக்கத்தின் பின்னால் இருந்த மனிதர் யார் என்பது அந்தப் பேரேட்டுக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பேரேடு தொடர்பாக இரண்டு சம்பவங்கள் இன்றும் என் நினைவில் உள்ளன. ஒருநாள் கோபத்துடன் வந்த ஒருவர், குறிப்பிட்ட விளம்பரத்தைக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று மேசையில் அடித்தார். எழுதுவினைஞர் பேரேட்டை இழுத்து மூடிவிட்டு, "தம்பி, நாங்கள் இலக்கத்தைத்தான் அச்சடிச்சனாங்கள். ஆளை அச்சடிக்கேல்லை. ஆளைக் காட்டுறதுக்கு எனக்கு உரிமை இல்லை" என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மற்றைய சம்பவம் அவருக்கே நேர்ந்த தவறு. இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதியதால் ஒரு குடும்பத்துக்குரிய கடிதங்கள் வேறொரு குடும்பத்துக்குச் சென்றுவிட்டன. விளம்பரமே கொடுக்காத விடயத்துக்காக ஊரில் பேச்சுக்கு ஆளான அந்தத் தந்தை அலுவலகத்துக்கு வந்து நின்ற கோலத்தை நான் மறக்கவில்லை. பேரேட்டைப் பூட்டிவைத்தால் மட்டும் போதாது, அதில் எழுதியிருப்பதும் சரியாக இருக்க வேண்டும் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

'ஐ.பி. முகவரியைக் கொண்டு ஆளைப் பிடித்தார்கள்' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வருகிறது. இன்று உலகில் பெரும்பாலானோர் இணையத்துக்குள் நுழைவது கையடக்கத் தொலைபேசி வழியாகவே. அந்தத் தொலைபேசிக்கு இணையத்தில் ஓர் இலக்கத்தை யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள், அந்த இலக்கம் உண்மையில் யாரைச் சுட்டுகிறது என்ற வரலாற்றை ஒரு பத்திரிகையாளனின் பார்வையில் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தகவற் பொதியும் அனுப்புபவரின் இலக்கத்தையும் பெறுபவரின் இலக்கத்தையும் தாங்கிச் செல்கிறது. இந்த ஏற்பாட்டை வரையறுத்த ஆவணம் 1981 செப்டெம்பரில் வெளியானது. அதன் பதிப்பாசிரியர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் பணியாற்றிய ஜோன் பொஸ்டல். இணைய இலக்கங்களின் பேரேட்டை நீண்டகாலம் பராமரித்தவரும் அவரே. ஐ.பி. நான்காம் பதிப்பு என அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில் முகவரியின் நீளம் 32 இருமக் கூறுகள். அதாவது மொத்தம் 4,294,967,296 முகவரிகள், ஏறத்தாழ 429 கோடி. அந்த ஆண்டில் உலக சனத்தொகையோ ஏறத்தாழ 450 கோடி. ஆளுக்கு ஒன்று என்றாலும் அன்றே போதாது. ஆனால் அன்று கணினி என்பது பல்கலைக்கழகங்களிலும் இராணுவ ஆய்வுகூடங்களிலும் இருந்த இயந்திரம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மக்கள் பேருந்தில் ஏறுவார்கள் என்று எவரும் கணக்கிடவில்லை. 32 என்ற எண்ணைத் தெரிவுசெய்தபோது தாம் செய்துகொண்டிருந்தது ஒரு பரிசோதனையே என்று இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ற் சேர்ப் பின்னாட்களில் பலமுறை கூறியிருக்கிறார்.

நிறைய இருப்பதாக நினைத்த பொருளை அள்ளிக் கொடுப்பது மனித இயல்பு. ஆரம்ப ஆண்டுகளில் 1 கோடி 67 இலட்சத்துக்கும் அதிகமான முகவரிகளைக் கொண்ட பெருந்தொகுதிகள் தனித்தனி நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகம், ஐ.பி.எம்., அப்பிள், போர்ட் மோட்டார் நிறுவனம், பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு ஆகியன அவ்வாறு பெற்றவற்றுட் சில. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பல தொகுதிகள் கிடைத்தன. எமது ஆசிய பசுபிக் பிராந்தியத்துக்கென ஏப்நிக் என்ற பதிவகம் 1993இல்தான் உருவானது. பந்தி பாதி முடிந்த பின்னர் இலை போட்டு உட்கார்ந்தவர்களின் நிலைதான் ஆசியாவுக்கு.

கையடக்கத் தொலைபேசி இந்தக் கதைக்குள் வருவது 1990களின் பிற்பகுதியில். முதலில் தொலைபேசியிலிருந்து சாதாரண அழைப்பு ஒன்றை எடுத்தே இணையத்துடன் இணைந்தார்கள். அழைப்பு நீடிக்கும் வரை கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். 1999 பெப்ரவரியில் ஜப்பானின் என்.ரி.ரி. டொகோமோ நிறுவனம் ஐ-மோட் சேவையை ஆரம்பித்து, தொலைபேசித் திரையில் இணையச் சேவைகளை வெகுசனங்களிடம் கொண்டுசென்றது. 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பி.ரி. செல்நெற் நிறுவனம் ஜி.பி.ஆர்.எஸ். என்னும் பொதிவழிச் சேவையை வணிகரீதியாக ஆரம்பித்தது. அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் அது பரவியது.

ஜி.பி.ஆர்.எஸ். சேவையில் முகவரி வழங்கப்படும் முறையை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். சந்தாதாரரின் தொலைபேசி இணையத்தைக் கேட்டவுடன் வலையமைப்பு அவரது சிம் அட்டையைச் சரிபார்க்கிறது. பின்னர் நிறுவனத்தின் நுழைவாயிற் கணினி தன்னிடமுள்ள முகவரிக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து அந்தத் தொலைபேசிக்குக் கொடுக்கிறது. இணைப்பு முடிந்ததும் அம்முகவரி குவியலுக்குத் திரும்பி, அடுத்து வருபவருக்குச் செல்கிறது. தொலைபேசி இலக்கம் ஆண்டுக்கணக்கில் ஒருவரிடமே இருப்பது. ஐ.பி. முகவரியோ விடுதி அறையின் திறப்பைப் போன்றது. இன்று காலை அந்த அறையில் இருந்தவர் வேறு, மாலையில் இருப்பவர் வேறு.

இன்னொரு விடயமும் உண்டு. தொலைபேசி கோபுரம் விட்டுக் கோபுரம் நகர்ந்தாலும் முகவரி நகர்வதில்லை. அது நுழைவாயிலுடன் கட்டப்பட்டிருக்கிறது. பொதிகள் நுழைவாயிலுக்கு வந்து, அங்கிருந்து ஒரு சுரங்கப்பாதை வழியாகச் செல்வதுபோல் தொலைபேசியைத் தேடிச் செல்கின்றன. இதன் விளைவு விசித்திரமானது. கொழும்பில் வாங்கிய சிம் அட்டையுடன் லண்டன் செல்லும் ஒருவர் அங்கு அலைவரவுச் சேவையில் இணையத்தைப் பார்த்தால், வழமையான ஏற்பாட்டின்படி அவருக்கு முகவரி கொடுப்பது கொழும்பில் உள்ள நுழைவாயிலே. உலகின் கண்ணுக்கு அவர் இலங்கையில் இருப்பதாகவே தோன்றும். முகவரி ஆளைச் சொல்வதில்லை என்பதுடன் சிலவேளைகளில் ஊரையும் சொல்வதில்லை.

சந்தாதாரர் தொகை பெருகியபோது குவியலில் இருந்த முகவரிகள் போதவில்லை. உலகின் கையடக்கத் தொலைபேசி இணைப்புகள் 2002இல் 100 கோடியையும், 2010இல் 500 கோடியையும் தாண்டின. இதற்கான தற்காலிக மருந்து முன்னரே தயாராக இருந்தது. 1994 மே மாதத்தில் கெல்ட் எகவாங், போல் பிரான்சிஸ் ஆகிய இருவர் முகவரி மாற்றீடு என்ற உத்தியை விபரித்து ஆவணம் ஒன்றை வெளியிட்டனர். 1996 பெப்ரவரியில் வெளியான இன்னோர் ஆவணம், எவரும் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம், ஆனால் வெளியே காட்டக்கூடாது என்று மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. பத்து என்ற எண்ணில் ஆரம்பிக்கும் முகவரிகள் அவற்றுள் மிகப் பெரியவை.

இந்த உத்தி எமது விளம்பரப் பிரிவின் உத்தியேதான். நிறுவனம் ஒவ்வொரு தொலைபேசிக்கும் உள்வீட்டு முகவரி ஒன்றைக் கொடுக்கும். வெளியுலகுக்குச் செல்லும்போது எல்லோரும் நிறுவனத்தின் ஒரே பொது முகவரியுடன் செல்வார்கள். யாருடைய பதில் யாருக்கு என்று பிரித்தறிவதற்காக ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு துறை இலக்கம் கொடுக்கப்படும். ஒரு முகவரிக்கு இத்தகைய துறை இலக்கங்கள் 65,536 உண்டு. நுழைவாயில் தன் அட்டவணையைப் பார்த்து, 'இந்தத் துறை இலக்கத்துக்கு வந்த பதில் இந்தத் தொலைபேசிக்குரியது' என்று அனுப்பிவைக்கும். பத்திரிகை அலுவலகத்தின் விலாசம்தான் பொது முகவரி. பெட்டி இலக்கந்தான் துறை இலக்கம். அட்டவணைதான் பேரேடு. ஒரு வித்தியாசம், எமது எழுதுவினைஞர் வாரத்துக்குச் சில டசின் பெயர்களை எழுதினார். இந்தப் பேரேட்டிலோ செக்கனுக்குப் பல்லாயிரம் வரிகள் எழுதி அழிக்கப்படுகின்றன.

இது நிரந்தரத் தீர்வல்ல என்பதைப் பொறியியலாளர்கள் அறிந்திருந்தார்கள். 128 இருமக் கூறுகளைக் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பின் முதலாவது வரையறை 1995 டிசம்பரிலேயே வெளியானது. மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளுக்கான தரநிர்ணய அமைப்பு, தனது பல்லூடகச் சேவைக் கட்டமைப்புக்கு ஆறாம் பதிப்பையே முதலில் விதித்தது. 2002 செப்டெம்பரில் இணையப் பொறியியலாளர்கள் வெளியிட்ட பரிந்துரை ஒன்று, தொலைபேசியின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனியான முகவரி முன்னொட்டு ஒன்றையே வழங்குமாறு கோரியது. ஆனால் பழைய பதிப்பில் உள்ள தளங்களுடன் புதிய பதிப்பு நேரடியாகப் பேசாது. இரண்டையும் வைத்திருப்பதானால் அன்றைய வலையமைப்பில் ஒரு தொலைபேசிக்கு இரண்டு தனித்தனி இணைப்புகள் தேவைப்பட்டன. இரட்டைச் செலவை ஏற்க நிறுவனங்கள் விரும்பவில்லை. முகவரி மாற்றீடு வேலை செய்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் முறையிடவுமில்லை. தற்காலிகம் நிரந்தரமாகிய கதை இதுதான்.

2011 பெப்ரவரி 3ஆந் திகதி மியாமியில் நடைபெற்ற வைபவம் ஒன்றில், உலகக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையளிக்கப்பட்டன. களஞ்சியம் காலியானது. கைவசமிருந்தவை கரைந்து அந்த இறுதித் தொகுதியில் கைவைக்கும் நிலை முதலில் வந்தது எமது பிராந்தியத்துக்கே. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி முதல், ஏப்நிக் அமைப்பின் உறுப்பினர் ஒருவர் அதிலிருந்து பெறக்கூடியது 1,024 முகவரிகள் மட்டுமே என்ற விதி அமுலுக்கு வந்தது. கோடிக்கணக்கான சந்தாதாரர்களைக் கொண்ட நிறுவனத்துக்கும் 1,024, நேற்று ஆரம்பித்த நிறுவனத்துக்கும் 1,024.

முகவரி விலைப்பொருளாகியது. 2011இல் வங்குரோத்தான நோர்ட்டெல் நிறுவனத்தின் 666,624 முகவரிகளை மைக்ரோசொப்ட் 75 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மசாசூசெட்ஸ் நிறுவகம் தன்னிடமிருந்தவற்றில் ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் முகவரிகள் ஒருபோதும் பயன்படுத்தப்படவே இல்லை என்று 2017இல் அறிவித்து, 80 இலட்சத்தை விற்பனை செய்ய முன்வந்தது. பெரும் கையடக்க நிறுவனங்களுக்கோ உள்வீட்டு முகவரிகள்கூடப் போதவில்லை. சில வட அமெரிக்க வலையமைப்புகள், இணையத்தில் வெளிப்படையாகப் பயன்படுத்தப்படாதிருந்த பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் முகவரிகளைத் தமது உள்வீட்டில் போட்டுக்கொண்டன. தங்கள் தொலைபேசியின் முகவரி பிரித்தானிய அமைச்சு ஒன்றுக்குச் சொந்தமானது என்று கண்ட வாடிக்கையாளர்கள் தம்மை எவரோ வேவு பார்ப்பதாகப் பதறினார்கள். 2012 ஏப்ரலில்தான் இத்தகைய நிறுவனங்களின் உட்பாவனைக்கென்றே 41 இலட்சத்து 94 ஆயிரத்து 304 முகவரிகளைக் கொண்ட தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது.

இவை எல்லாம் பொறியியலாளர்களின் தலையிடி என்று நாம் விட்டுவிடலாம். ஆனால் ஐ.பி. முகவரியைப் பொலிஸாரும் நீதிமன்றங்களும் மனிதரின் பெயராகவே வாசிக்கத் தொடங்கியபோது அது எமது பிரச்சினையும் ஆகியது. 2007 ஓகஸ்ட் மாத இறுதியில் பெங்களூரில் மென்பொருட் பொறியியலாளர் ஒருவர், மராட்டிய வீரர் சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை இணையத்தில் இட்டார் என்ற குற்றச்சாட்டில் கைதுசெய்யப்பட்டு பூனேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் ஏறத்தாழ 50 நாட்கள் சிறையில் இருந்தார். படத்தை இட்டவர் அவரல்லர். முகவரிக்குரியவர் யார் என்று பொலிஸார் கேட்டபோது தவறான சந்தாதாரரின் விபரம் வழங்கப்பட்டுவிட்டது. அது கையடக்கத் தொலைபேசி இணைப்புமன்று, வீட்டு இணைப்பே. ஒரு முகவரிக்கு ஒரு வீடு என்றிருந்த இடத்திலேயே பேரேட்டின் பிழையொன்று மனிதனைச் சிறைக்கு அனுப்பியதென்றால், நூற்றுக்கணக்கானோர் ஒரே முகவரியின் பின்னால் நிற்கும் இடத்தில் என்ன நடக்கும்?

2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டளை ஒன்று, முகவரி எந்தச் சந்தாதாரருக்கு வழங்கப்பட்டது என்ற பதிவை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை பேணுமாறு நிறுவனங்களைப் பணித்தது. 2014 ஏப்ரல் 8ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கட்டளையைச் செல்லுபடியற்றதாக்கியது. குற்றமே செய்யாத முழுச் சமூகத்தினதும் பதிவுகளை வைத்திருப்பது அந்தரங்க உரிமையில் மிதமிஞ்சிய தலையீடு என்பது அதன் தீர்ப்பு. பிரித்தானியாவோ 2015இல் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், பகிரப்பட்ட முகவரியின் பின்னாலுள்ள ஆளை அடையாளம் காணத் தேவையான மேலதிக விபரங்களையும் பேணுமாறு பணிக்க வழிசெய்தது.

2017 ஒக்டோபரில் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் வெளிப்படையாகவே முறையிட்டது. கையடக்க இணைய வலையமைப்புகளில் 90 வீதமளவில் இந்தப் பகிர்வு முறையைக் கையாள்கின்றன என்றும், ஒரு குற்றவாளியைத் தேடும்போது அதே முகவரியைப் பகிர்ந்த பெருந்தொகையான அப்பாவிகளையும் விசாரிக்க நேர்கிறது என்றும் அது எடுத்துக்காட்டியது. பெல்ஜியத்தில் மாத்திரம் 2012இல் ஏற்பட்ட தன்னார்வ உடன்பாட்டின்படி ஒரு முகவரியைப் பகிர்வோர் தொகை 16க்கு மேற்படாது என்று மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அங்கே ஆறாம் பதிப்பும் விரைவாகப் பரவியது.

எனது தொழில்சார்ந்தோரும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு தளத்தின் பதிவேட்டில் முகவரியும் நேரமும் மாத்திரம் இருந்தால் கையடக்கத் தொலைபேசிப் பாவனையாளரை நிச்சயமாகச் சுட்டிக்காட்ட முடியாது. துறை இலக்கமும் சரியான நேரமும் சேர வேண்டும். 2011 ஜூன் மாதத்திலேயே, துறை இலக்கத்தையும் பதிவுசெய்யுமாறு தள நடத்துநர்களுக்கு இணையப் பொறியியலாளர்கள் பரிந்துரைத்தனர். ஆகவே, 'ஐ.பி. முகவரி கிடைத்துவிட்டது' என்று ஓர் அதிகாரி கூறும்போது, 'துறை இலக்கம் கிடைத்ததா? எந்த நேரவலயத்தின் நேரம்? பேரேட்டை எவர் சரிபார்த்தார்?' என்று கேட்பது நிருபரின் கடமை. கேட்காமல் எழுதும் ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவரைத் தண்டித்துவிடக்கூடும்.

முடக்கம் உடைந்தது 2010களில். பழைய தளங்களையும் எட்டக்கூடியவாறு ஆறாம் பதிப்பை மட்டும் தொலைபேசிக்குக் கொடுக்கும் மொழிபெயர்ப்பு உத்தி ஒன்று 2013 ஏப்ரலில் ஆவணமாக வெளிவந்தது. அதன் ஆசிரியர் மூவருள் ஒருவர் அமெரிக்காவின் ரி-மொபைல் நிறுவனப் பொறியியலாளர். அதே ஆண்டில் அன்ட்ரொயிட் 4.3 அந்த உத்தியை ஏற்றது. 2016 ஜூன் முதலாந் திகதியிலிருந்து ஆறாம் பதிப்பு மட்டுமுள்ள வலையமைப்பிலும் இயங்காத செயலிகளை ஏற்பதில்லை என்று அப்பிள் விதித்தது. 2016 செப்டெம்பர் 5ஆந் திகதி இந்தியாவில் சேவையை ஆரம்பித்த ரிலையன்ஸ் ஜியோ, ஆறு மாதத்துக்குள் 10 கோடி சந்தாதாரர்களைச் சேர்த்தது. அவ்வளவு பேருக்கும் பழைய முகவரி கொடுப்பது இயலாத காரியம். ஆறாம் பதிப்பின் மீதே அது கட்டப்பட்டது. இன்று ஆறாம் பதிப்புப் பாவனையில் உலகின் முன்னணி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இலை கிடைக்காதவர்களே புதிய பந்தியில் முதலில் அமர்ந்தார்கள்.

இப்புதிய முறையில் ஒரு தொலைபேசிக்குக் கிடைக்கும் முன்னொட்டின் கீழ் அடங்கும் முகவரிகளின் தொகை, பழைய இணையத்தின் 429 கோடியை மீண்டும் 429 கோடியால் பெருக்கினால் வருவது. தொலைபேசி தன் முகவரியின் பின்பாதியைத் தானே அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம். அதற்கான வழிமுறை 2001ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஆனால் முன்பாதியைக் கொடுப்பது நிறுவனம். அது எவருக்கு எப்போது கொடுக்கப்பட்டது என்ற வரி பேரேட்டில் இருக்கும். இனி ஓர் அப்பாவி பகிர்ந்த முகவரியால் சந்தேகத்துக்கு ஆளாகும் வாய்ப்புக் குறையும். அதேவேளை ஒருவரைத் தனியே பிரித்தெடுத்துப் பின்தொடர்வதும் இலகுவாகும். கூட்டத்தில் மறைந்திருந்து உண்மையைச் சொன்ன சாட்சிக்கும் செய்தி மூலத்துக்கும் அந்தக் கூட்டம் கலைந்துபோகிறது. எது நல்லது என்று ஒரே சொல்லில் என்னால் தீர்ப்புக் கூற முடியவில்லை. பேரேடு யாருடைய கையில், எவ்வளவு காலத்துக்கு, யாருடைய அனுமதியுடன் திறக்கப்படும் என்ற கேள்விகளுக்குத் தொழினுட்பம் பதில் சொல்லாது. அவை சட்டத்திடமும் சமூகத்திடமும் கேட்கவேண்டியவை.

எமது எழுதுவினைஞர் ஓய்வுபெறுவதற்கு முன்னர் ஒருநாள், அலுவலகத்தின் பின்முற்றத்தில் பழைய பேரேடுகளின் தாள்களைக் கிழித்து எரித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆண்டுதோறும் அவ்வாறு செய்வாராம். ஏன் என்று கேட்டேன். "கடிதங்கள் போய்ச் சேர்ந்திட்டுது. அதுகள் கலியாணம் முடிச்சுப் பிள்ளை குட்டியோட இருக்குங்கள். இனி இது ஆருக்குத் தேவை?" என்றார். பிழையாக எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் அவர் எரிக்கவில்லை. அதை மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தார்.